இழுத்துப் பார்த்த பூட்டு

ஆளைத் தூங்கவைத்து அடக்குகிற மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னதும் முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்க அவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றாள். மாத்திரை கேட்ட மகனும் வாயை மூடிக்கொண்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

என் கணவருக்கு மறதி நோய். அந்த முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் சாதுவாக உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்ததும் ஆள் மாறிவிடுவார். வேலைக்கு நேரமாச்சு என்று கத்துவார், கதவு கதவாகப் போய் உலுக்குவார், தடுக்க வருகிறவர் கையை முறுக்குவார். வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டித்தான் வைத்திருப்பார்கள். அதன் முன்னால் நின்று அவர் கெஞ்சுவதைப் பார்க்கத்தான் நான் தினமும் சாயங்காலம் பஸ் மாறி வந்துகொண்டிருந்தேன். பார்த்தால் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்?

கல்யாணமான புதிதிலிருந்தே என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போன மகாராஜா அவர். ஆலையில் சாயங்கால ஷிப்ட். வெளியே போய்க் கதவைச் சாத்துவார், பித்தளைப் பூட்டை மாட்டுவார், மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவருக்கு நடை வரும். அக்கம்பக்கத்தில் கேட்டால் திருட்டு பயம் என்பார். திருடிக்கொண்டு போக எங்கள் வீட்டில் நசுங்கிய பாத்திரங்களும் நானும்தான் இருந்தோம்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பூட்டோடு வந்த இரண்டாவது சாவி தொலைந்துபோனதாக அவர் நம்பினார். ஜன்னல் கம்பி வழியாக அதைப் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்தவள் நான். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அவள் வந்து திறந்துவிடுவாள். நான் தையல் கற்றுக்கொண்டேன், கடைத்தெரு சுற்றினேன், வாய்விட்டுச் சிரித்தேன். அவர் திரும்புவதற்கு முன்பே என்னை உள்ளே விட்டுப் பழையபடி பூட்டிவிடுவாள். மகன் விடுதியில் தங்கிப் படித்தான், அவனுக்கும் தெரியாது. வருஷக்கணக்காக அந்த மனிதர் இழுத்து இழுத்துப் பார்த்துக் காவல் வைத்தது காலி வீட்டை.

இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்காகவே பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். என்னை நம்பிக் கிடக்கிற நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த நாள் வந்தபோது அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. தப்பித்துவிட்டாரே என்று அழுதேன். சொந்தபந்தமெல்லாம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டது.

மாத்திரை வேண்டாம் என்றது அதற்காகத்தான். பக்கத்துக் கட்டில்காரரை வேறெங்கோ மாத்திரையிலேயே வைத்திருந்து இங்கே கொண்டுவந்தார்கள். கூப்பிட்டால் காதில் ஏறாது, வாயோரம் எச்சில் வடியும். என் ஆளும் அப்படி ஆகிவிட்டால், என்றைக்காவது அவருக்கு நினைவு திரும்பினாலும் நான் சொல்வதை யார் கேட்பது?

பெரிய சிஸ்டருக்கென்று ஒரு முறை உண்டு. யாராவது கலவரப்பட்டால் எங்கேயாவது வலிக்கிறதா, ஒன்றுக்குப் போக முடியாமல் தவிக்கிறாரா என்று முதலில் பார்ப்பாள். டிவியை அணைப்பாள், இருட்டும் முன்பே விளக்கைப் போடுவாள். பிறகு, முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவர் என்ன செய்வார் என்று வீட்டாரைக் குடைவாள். பஸ் கண்டக்டராக இருந்த ஒருவருக்குக் காகிதத் துண்டுகளைக் கொடுத்து டிக்கெட் கிழிக்க விட்டிருந்தாள். மனிதர் அடங்கிவிட்டார். எனக்குக்கூட டிக்கெட் கொடுத்து, உள்ளே தள்ளிப் போகச் சொல்வார்.

என்னைக் கேட்டபோது ஒன்றும் ஞாபகமில்லை என்றேன். மகன்தான் உளறினான். அப்பா வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார், அம்மா மேல் அவ்வளவு அக்கறை என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பூட்டு இருக்கிறதா என்று சிஸ்டர் கேட்டாள். எப்போதோ பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டாயிற்று என்றேன். அவருக்கு நிம்மதியை நானே தூக்கிக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

அந்த வாரமே அவர் ஓர் ஆயாவின் மணிக்கட்டை முறுக்கி வீங்கவைத்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. சிஸ்டர் என்னைத் தனியே அழைத்து, மனசு அமைதியானால் சில பேருக்குக் கொஞ்ச நேரம் தெளிவு வரும், ஆளைக்கூட அடையாளம் தெரியும் என்றாள். அது போதும் எனக்கு. மறுநாள் பரண்மேலிருந்து பூட்டை இறக்கி, தேடியதில் கிடைத்தது என்று சிஸ்டரிடம் கொடுத்தேன்.

காலியான சாமான் அறைக் கதவில் பூட்டு மாட்டக் கொண்டி அடித்துக் கொடுத்தார்கள். பூட்டு கையில் ஏறியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. பூட்டினார், மூன்று தடவை இழுத்தார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு சமர்த்தாக உட்கார்ந்து டீ குடித்தார். சிஸ்டர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பழைய பார்வை.

"நீ எப்படி வெளிய வந்தே?"

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நான் எப்ப உள்ள இருந்தேன்? ரெண்டாவது சாவி தையல்காரிகிட்ட இருந்துச்சு. நீங்க பூட்டினதெல்லாம் காலி வீடுதான்."

புரிந்தது. புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். டம்ளர் உருண்டது. ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். உள்ளே சுவர்தான் இருந்தது. போயிட்டா, போயிட்டா என்று கதவில் தலையை மோதிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. என்ன நடந்தது என்று சிஸ்டர் கேட்டாள். தெரியவில்லையே என்றேன். அன்றைக்குப் போல நான் ருசித்துச் சாப்பிட்ட நாள் கிடையாது.

டாக்டரிடம் சிஸ்டர் மன்றாடி இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் கேட்டு வாங்கினாள். மறுநாள் போனால், நான் சொன்னதில் ஓர் எழுத்துகூட அவர் தலையில் இல்லை. துடைத்துவிட்டாற்போல் இருந்தார். பூட்டினார், மூன்று தடவை இழுத்தார், என்னை யாரோ என்று நினைத்துக் கேட்டார்.

"உள்ளதானே இருக்கா?"

சிஸ்டர் பக்கத்திலேயே நின்றாள். உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இன்றைக்கு ஒரு தடவை துடிப்பார். அதோடு மாத்திரை, தூக்கம், விடுதலை. அப்படி அவரை விட்டுவிட எனக்கு மனசில்லை.

"இருக்கா," என்றேன். வாயெல்லாம் கசந்தது.

"எங்கயும் போயிடலையே?"

"எங்க போவா? அதான் பூட்டிட்டீங்களே."

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்து, நல்ல பொண்ணும்மா நீ என்றார். உடம்பெல்லாம் எரிந்தது. இனி தினமும் இதையே சொல்ல வேண்டும், நான் உள்ளே இருக்கிறேன் என்று என் வாயாலேயே. பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்தேன்.

காவல்காரர் எனக்குப் பின்னால் வாசல் கதவைச் சாத்திப் பூட்டினார். படியிறங்கிய நான் திரும்பி ஏறினேன். பூட்டைப் பிடித்து இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லப்பா. சரியா பூட்டியிருக்கான்னு பார்த்தேன்."

அதற்குப் பிறகுதான் எனக்கு நடை வந்தது.