முன்ஸ்பிரிங்குக்கு ஓர் ஆள் கனம்

கணவனை இழந்த பெண் எதை ஓட்டலாம்? வீட்டை ஓட்டலாம், காலத்தை ஓட்டலாம், ஈ ஓட்டலாம். ஜீப்பை மட்டும் ஓட்டக் கூடாது என்று எங்கள் உறவினர் கூடிப் பேசி முடிவு கட்டியிருந்தார்கள்.

"வித்துட்டு நிம்மதியா இரும்மா" என்றார் பெரியப்பா.

"என் நிம்மதியே அதுலதான் இருக்கு பெரியப்பா" என்றாள் என் அக்காள்.

அக்காள் செவிலி. மணல்வெளிக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குத் தடுப்பு மருந்தும் தைரியமும் கொண்டுபோனவள். ஜீப்பை மச்சான் ஓட்டுவார். பக்கத்தில் அவள் அமர்ந்திருப்பாள். மச்சான் மறைந்தபின் அந்தப் பாதை அனாதையாகக் கிடந்தது. "இனி நானே ஓட்டுகிறேன்" என்று அவள் சுகாதார அலுவலகத்தில் கேட்டாள். கேட்டதற்குக் கிடைத்தது ஒரு நிபந்தனை. மணலில் புதைந்தால் இழுத்தெடுக்கும் வின்ச், இரும்பு பம்பர், மருந்துப் பெட்டியைக் குளிர வைக்க இன்னொரு பேட்டரி ஆகிய மூன்றையும் முன்பக்கம் சுமந்துகொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மணல்மேட்டை அந்த ஜீப் அடிபடாமல் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பாதை வாடகை வண்டிக்குப் போகும். அக்காள் நகரத்து மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் போவாள்.

பட்டறைக்காரர் இரண்டு ஜோடி முன்ஸ்பிரிங்குகளை மேசைமேல் வைத்தார். ஒன்று மச்சான் எப்போதும் போட்ட மெல்லிய கம்பி. மற்றொன்று தடித்த கம்பி.

"மூக்குல கனம் கூடுது சிஸ்டர். தடிச்சதப் போட்டுக்கோங்க."

"அவரு போட்டது இதுதானே அண்ணே. அதுவே இருக்கட்டும்."

"அப்ப வின்ச் இல்லையே."

"அதுக்குத்தான் இவன் இருக்கானே" என்று அக்காள் என்னைக் காட்டினாள்.

எங்கள் குடும்பத்தில் ஸ்பிரிங் பார்ப்பதற்கென்றே ஒரு முறை உண்டு. முன்பக்கம் எந்தக் கனத்தை ஏற்றுவதானாலும், மச்சான் முதலில் என்னை பம்பரில் உட்கார வைப்பார். பிறகு குனிந்து, அச்சுக்கும் அது மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டைக்கும் நடுவே விரல்களை நுழைப்பார். நான்கு விரல் நுழைந்தால் ஸ்பிரிங் தேறியது. "நீ ஒருத்தன் உட்கார்ந்தா போதும் மாப்ளே, ஊர்ல உள்ள இரும்பெல்லாம் உட்கார்ந்த மாதிரி" என்பார். குண்டு என்றுதான் என்னை வீட்டில் அழைப்பார்கள். அந்தப் பட்டப்பெயரை நான் ஒரு பதவியைப் போலச் சுமந்த காலம் அது. அக்காள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிப்பாள். மச்சான் கிரீஸ் படிந்த விரலால் என் மூக்கில் ஒரு பொட்டு வைப்பார். அந்தக் காலை வெயிலை இன்றும் என் முதுகு அறியும்.

வின்ச் இன்னும் அலுவலகக் கிடங்கிலிருந்து வரவில்லை. மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டினார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். அக்காள் குனிந்து விரல் நுழைத்தாள்.

"நாலு விரல் தாராளமாப் போகுது. பாத்தீங்களா?"

பட்டறைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

சோதனை நாள் வந்தது. வின்ச் வந்தது, பம்பர் வந்தது, பேட்டரி வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் சுகாதார அதிகாரியும் வந்தார். மூன்றையும் மாட்டியதும் ஜீப்பின் முகம் தொங்கிப்போயிற்று. அக்காள் மேட்டில் ஏற்றினாள். இறங்கும்போது, 'டங்' என்று ஓர் ஓசை. அச்சு ரப்பரில் மோதிய ஓசை.

அதிகாரி கடுமையானவர் அல்லர். "சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேம்மா. அதுக்குள்ள முடிஞ்சா பாக்கலாம். இல்லேன்னா வாடகை வண்டிதான்" என்றார்.

"நாலு விரல் இருந்துச்சே" என்றாள் அக்காள், தன் விரல்களையே பார்த்து.

பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், பேருதான் குண்டு. ஆளு பாதிதானே இருக்கீங்க?"

உண்மைதான். சர்க்கரை நோய் வந்து என் சதையைச் சன்னம் சன்னமாகக் கரைத்துவிட்டது. பெல்ட்டில் புதுத் துளை போட்டுத் தந்தவளே அக்காள்தான். ஆனாலும் அன்று பம்பரில் ஏறியவன் பழைய குண்டு என்றே அவள் நம்பினாள், நானும் நம்பினேன். மச்சானின் கண்களை வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தோம்!

"தடிச்சத மாட்டிரவா?" என்றார் பட்டறைக்காரர்.

அக்காள் முன்சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்தாள். மெல்லிய ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்றேன். அவரு இதப் போட்டது வண்டிக்காக இல்ல. உங்க மூத்த பொண்ணு வயித்துல இருந்தப்ப வந்தாரு. 'பக்கத்து சீட்டுல ஆட்டமே தெரியக் கூடாது'ன்னு கேட்டாரு. தடிச்சதக் கழட்டிட்டு இதப் போட்டேன். பொண்ணு பொறந்த பிறகும் மாத்த விடல. மேடு வந்தா அடிபடாம இருக்க மெதுவாப் போவாரு, அவ்வளவுதான்."

"அதுக்கா மெதுவாப் போனாரு?" அக்காளின் குரல் இறங்கியது. "பயந்தாங்கொள்ளின்னு எத்தன நாள் கேலி பண்ணியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லலையே அந்த மனுஷன்."

"சொன்னா நீ அந்தச் சீட்ட விட்டு இறங்கி நடந்தே வந்திருப்ப" என்றேன்.

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைக்காமலே சிரித்தாள். ஒரு மனிதன் தன் மனைவி குலுங்காமல் வரவேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் கோழைப் பட்டம் சுமந்திருக்கிறான். காதல் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, அதற்கு இதைவிட ஒரு சான்று வேண்டுமா?

பிறகு அக்காள் கையை எடுத்தாள்.

"அந்தச் சீட்டுல இப்ப நான் இல்லையே அண்ணே. ஓட்டுற சீட்டுல இருக்கேன். தடிச்சதையே மாட்டுங்க."

ஜாக்கி ஏறியது, சக்கரங்கள் கழன்றன, வெயில் சாய்வதற்குள் புது ஸ்பிரிங் அமர்ந்தது. தொங்கிய முகம் நிமிர்ந்தது. இம்முறை யாரும் என்னை பம்பரில் உட்காரச் சொல்லவில்லை. வின்ச்சையே வைத்து விரல் நுழைத்துப் பார்த்தார்கள்.

"ஏறுடா, பக்கத்துல" என்றாள் அக்காள்.

மேட்டின் உச்சியில் வானம் மட்டுமே தெரிந்தது. மறுகணம் மூக்கு சரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஜீப் அழுந்தியது, எழுந்தது, ஓடியது. அடிபட்ட ஓசை என் தலை கூரையில் முட்டியது மட்டுமே.

கீழே நின்ற அதிகாரி கையை உயர்த்தினார். "பாதை உங்களுக்குத்தாம்மா" என்றார்.

அக்காள் நிறுத்தவில்லை. வண்டியைத் திருப்பி மீண்டும் மேட்டில் ஏற்றினாள், இம்முறை மச்சானைப்போல மெதுவாக, மிக மெதுவாக. தடித்த ஸ்பிரிங் ஒவ்வொரு சிறு அலையையும் எங்கள் எலும்புக்குள் எண்ணி எண்ணிப் போட்டது.

"மெதுவாப் போனா இது ரொம்ப ஆட்டுதுடா" என்றாள். "அவருக்கு இது ஆகவே ஆகாது."

சற்று நேரம் அப்படியே ஆடிக்கொண்டு போனோம். பிறகு கியரை மாற்றி, அக்காள் வேகத்தைக் கூட்டினாள்.