எழவுத்தடத்தில் ஒரு பந்தயம்

"பந்தயம் வைக்க உங்களுக்கு வேற பாதையே கெடைக்கலையா?" என்று அனுமதி கேட்டுப் போன ஒரு ஆபீஸில் என்னைக் கேட்டார்கள். கேட்டவர் சிரிக்கவும் செய்தார். அவர் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கி அவர் மேலேயே ஊற்றாமல் வெளியே வந்தது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியங்களில் ஒன்று.

வேறு பாதை ஏன் இல்லை? பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குத் தார்ரோடு இருக்கிறது, பஸ் ஓடுகிறது. ஆனால் ரஞ்சன்குடி கோட்டையடியில் தொடங்கி, பருத்திக்காட்டு வரப்புகளில் ஏறி இறங்கி, மருதையாற்று மணலைத் தாண்டி, எங்கள் நெடுங்கரை ஊருக்குள் நுழைந்து, சுண்ணாம்புக்கல் மேடுகளைக் கடந்து கல்லங்குறிச்சி போய்ச் சேருகிற அந்த ஒற்றையடிப் பாதையை எந்தச் சர்க்காரும் போடவில்லை. எங்கள் காலனி ஆட்களின் கால்கள் போட்டது. ஊர்த்தெருவில் யாராவது செத்தால், அவர்களுடைய சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஓடிப்போய்ச் சேதி சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். மழை, வெயில், ராத்திரி என்று பார்க்கக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் தெருமுனையிலேயே செருப்பில்லாத காலோடு நின்று, அங்கிருந்தே கத்திச் சொல்ல வேண்டும். சொன்னவன் துண்டை விரித்தால் ஒரு படி தானியம் விழும். தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி, சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவார்கள். எழவு சொல்ல ஓடிய பாதை, அதனால் அதற்கு எழவுத்தடம் என்று பெயர்.

கடைசியாக அதில் ஓடியவர் எங்கள் காலனிப் பையன் அரியமுத்துவின் அப்பா. ஒரு ஆடி மாத வெயிலில், யாரோ ஒருவரின் மாமியார் செத்த சேதியைச் சுமந்துகொண்டு போனவர் மருதையாற்று மணலில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. ஊர்ச்சாவுக்கெல்லாம் ஓடின மனுஷன் செத்துக் கிடக்கிறார் என்று ஓடி வந்து சொல்ல ஒரு ஆள் இல்லை. மாடு மேய்க்கிறவர்கள் பார்த்து, மறுநாள்தான் எங்களுக்கே தெரிந்தது. அந்த வாரம் காலனியில் எல்லாரும் கூடி, இனிமேல் யார் வீட்டு எழவுக்கும் ஓடுவதில்லை என்று முடிவெடுத்தோம். அதற்குத் தண்டனையாக அந்த வெள்ளாமை முழுக்க ஊரில் ஒருவரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. நாங்கள் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனோம், கஞ்சி குடித்தோம், வாக்கை மாற்றவில்லை.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து, எண்பத்துமூன்றாம் வருஷம், பந்தயம் வைக்கலாம் என்று சொன்னது அரியமுத்துதான். குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவன். சுற்றுவட்டாரத்தில் எங்கே ஓட்டப்பந்தயம் வைத்தாலும் முதலாவதாக வருவான். சின்ன வயதில் அப்பாவோடு அந்தத் தடத்தில் ஓடிய கால் அது. நான் காலனியில் பாலவாடி டீச்சர், இளைஞர் மன்றத்துக்குச் செயலாளரும் நான்தான். மன்றத்துக் கூட்டத்தில் அரியமுத்து எழுந்து நின்று சொன்னான்.

"அந்தத் தடத்துல ஒரு தடவையாவது வாயில எவன் சாவும் இல்லாம ஓடணும்க்கா. நமக்காவ ஓடணும்."

இதற்குமேல் என்ன வேண்டும்? தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தோம். மூடிக் கிடந்த தடத்தில் கருவேல முள்ளை வெட்டினோம். குவாரியிலிருந்து சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து பாதை நெடுக அடையாளம் போட்டோம். வழியில் இருந்த காலனி ஒவ்வொன்றும் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டது. ஒரு இடத்தில் கம்பங்கூழ், ஒரு இடத்தில் பானகம், ஆற்றங்கரையில் சுளுக்கெடுக்க ஆள். ஒவ்வொரு இடத்திலும் வயசானவர்கள் வந்து, எங்க அண்ணன் ஓடியிருக்கான், எங்க மாமன் ஓடியிருக்கான் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். திருச்சிக்குப் போய் இரண்டு பக்கமும் பிடி வைத்த பித்தளைக் கோப்பை ஒன்றை வாங்கி வந்தேன்.

எல்லாம் சரி, நெடுங்கரை ஊர்த்தெரு மட்டும் தொண்டையில் மாட்டியது. தடம் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. பெரிய வீட்டு நல்லுசாமி ஒரு யோசனை சொன்னார்.

"ஏரிக்கரையோட சுத்திப் போயிடுங்களேன். தெருவுல புள்ளைங்க வெளாடும், மாடு கட்டிக் கெடக்கும்."

"சாவுச் சேதிய வாங்கிட்டு ஓடுனப்ப இந்த மாடும் புள்ளையும் இல்லைங்களா? தெரு வழியாத்தான் ஓடுவாங்க. ஷூ போட்டுக்கிட்டு ஓடுவாங்க" என்றேன்.

அதிகாரிகளுக்கு முன்னால் இன்னொரு முறை கேட்டபோது, மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றார். அந்தச் சரியை வாங்க நாங்கள் நடந்த நடைக்கே ஒரு கோப்பை கொடுக்கலாம்.

பந்தயத்தன்று விடியற்காலையில், ஓடுகிறவர்கள் எல்லாரும் லாரியில் ரஞ்சன்குடிக்குப் போய்விட்ட பிறகு, நல்லுசாமியின் தாயார் பொன்னம்மாள் இறந்துபோனார். ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தவர். அந்தம்மாளிடம் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது, சாவு சாவுதான். ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை நானே நிறுத்தச் சொன்னேன். தெருமுனையில் தண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது நல்லுசாமி என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா" என்றார்.

இத்தனை வருஷமாக ஏ புள்ள என்று கூப்பிட்ட வாய். டீச்சரம்மா என்றதுமே ஏதோ காரியமாகத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

"பொணம் கெடக்குற தெருவுல பந்தயம் ஓடக் கூடாது, தெரியும்ல?"

"தெரியுதுங்க. உங்க வூட்டுக்கிட்ட வரப்ப ஓடாம நடந்து போகச் சொல்றேன்."

"அதுக்கில்ல. கல்லங்குறிச்சியில என் தங்கச்சி ஜெகதாம்பா இருக்கு. ஞாயித்துக்கெழம, போஸ்ட் ஆபீஸும் பூட்டிக் கெடக்கு. உங்க பசங்க அங்கதான ஓடுறானுங்க? ஓடுறது ஓடுறானுங்க, அப்படியே சேதியையும் சொல்லிட்டுப் போயிடட்டும். அப்படின்னா தாராளமா தெருவுக்குள்ள வரட்டும்."

தாயை இழந்த மனுஷன், கண் சிவந்து நிற்கிறார். அதைப் பார்த்தால் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அவர் சொன்னதைக் காதில் வாங்க வாங்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பந்தயக்காரனாக வந்தால் ஏரிக்கரை, எழவு சொல்கிறவனாக வந்தால் தெரு. எங்கள் கால் அந்தத் தெருவில் படலாம், அவர்கள் வேலைக்காகப் பட வேண்டும்! இத்தனை பேர் முள் வெட்டியதும் சுண்ணாம்பு போட்டதும் இந்த ஒரு பேச்சில் அவர் வீட்டு எழவு வேலையாக மாறிவிடும்.

"உங்க மகனோட மோட்டார் சைக்கிள் வாசல்ல நிக்குதுங்களே" என்றேன்.

"அவன் அரியலூருக்குப் போயி மாலை வாங்கணும், ஐஸ்கட்டி வாங்கணும். ஆயிரம் வேல கெடக்கு."

"அரியலூர்லேருந்து கல்லங்குறிச்சி கூப்பிடு தூரங்க. தங்கச்சிக்குச் சொல்லிட்டு அப்புறம் மாலை வாங்கட்டும்."

"ஒரு வார்த்த சொல்றதுல உங்களுக்கு என்ன கொறஞ்சுடும்?"

"அந்த ஒரு வார்த்தைக்காவத்தான் அரியமுத்தோட அப்பா ஆத்து மணல்ல செத்துக் கெடந்தாரு. சொல்ல மாட்டாங்க. தெரு வழியாவும் வருவாங்க. நீங்க அதிகாரிங்க முன்னால குடுத்த வாக்கு."

அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, மகனைக் கூப்பிட்டபடி உள்ளே போனார். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வெயில் ஏறியபோது அரியமுத்து முதல் ஆளாக வந்தான். முழங்கால்வரை கரிசல் மண், பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. பொன்னம்மாள் போய்விட்டதைச் சொன்னேன். நல்லுசாமி சேதி கொண்டுபோகச் சொல்லிக் கேட்டதையும், நான் மறுத்ததையும், அவர் மகன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனதையும் சொன்னேன். அவன் தெருவில் நடந்தே போனான். பெரிய வீட்டு வாசலில் கிடத்தியிருந்த உடம்பைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்று கைகூப்பினான். அங்கே கூடியிருந்த ஆம்பளைகளில் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவன் ஷூவில் இருந்தது. தெருவின் மறுமுனைக்குப் போனதும் ஓட ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே நடந்து, அப்படியே கும்பிட்டுப் போனார்கள். அவர்களில் அரியலூர்க் காலேஜில் படிக்கிற பையன் ஒருவன் அரியமுத்துவை நெருங்கிக்கொண்டிருந்தான்.

நான் பஸ் பிடித்து, அரியலூரில் மாறி, கல்லங்குறிச்சி போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்கு வெகு இப்பால் இருந்த பொட்டலில் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே கயிறு கட்டி வைத்திருந்தோம். பொட்டலை ஒட்டித்தான் ஜெகதாம்பாளின் வீடு. அவளும் அவள் புருஷன் வைரக்கண்ணுவும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்த முகமாக நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோட்டார் சைக்கிளில் கிளம்பிய அந்தப் பயல் இன்னும் வந்து சொல்லவில்லை! தாயைப் பறிகொடுத்தவள் ஒன்றும் தெரியாமல் நிற்கிறாள், அண்ணன் மகன் எங்கேயோ மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். அவர்கள் வீட்டுச் சாவை அவர்களால் ஓடிவந்து சொல்ல முடியவில்லை, அந்த அளவுக்கு எங்கள் காலில் சவாரி செய்து பழகியிருக்கிறார்கள். நானே போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தேன். அதற்குள் சுண்ணாம்பு மேட்டின் மேல் அரியமுத்துவின் தலை தெரிந்தது.

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். வைரக்கண்ணு கைதட்டவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"நெடுங்கரை ஆளுல்ல அவன்? எழவுத்தடத்துல ஓடியாரான்" என்றார்.

அவ்வளவுதான். ஜெகதாம்பாளின் சிரிப்பு நின்றுபோயிற்று. பந்தயம் என்று இந்தப் பொட்டலில் காலையிலிருந்து ஒலிபெருக்கி வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறோம், மூங்கில் நட்டிருக்கிறோம், கயிறு கட்டியிருக்கிறோம். அதெல்லாம் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தத் தடத்தில் எங்கள் ஆள் ஓடிவந்தால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"யாருடா? யாருடா போனது?" என்று கேட்டுக்கொண்டே வைரக்கண்ணு குறுக்கே போய் நின்றார். "நில்லுடா அங்கேயே!"

அரியமுத்து நின்றுவிட்டான்.

கயிற்றுக்கு நாலு எட்டு வைக்கிற தூரம்தான் பாக்கி. முப்பது மைல் ஓடிவந்த கால் ஒரு அதட்டலுக்கு நின்றுவிட்டது. தெருமுனையில் அவன் அப்பா நிற்பாரே, அதே மாதிரி தலை குனிந்து, கை இரண்டும் தானாக நெஞ்சுக்குப் போய்விட்டது. மேட்டின் மேல் காலேஜ் பையன் தெரிந்தான். எனக்கு வைரக்கண்ணுவை அறைய வேண்டும்போல் இருந்தது, அரியமுத்துவையும் அறைய வேண்டும்போல் இருந்தது.

"நிக்காதடா! ஓடு, அரியமுத்து!" என்று கத்தினேன். குரல் உடைந்து அழுகையாகத்தான் வந்தது.

அவன் தலையை நிமிர்த்தினான். கையைக் கீழே போட்டான். வைரக்கண்ணுவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"கயித்தத் தாண்டிட்டு வந்து சொல்றேங்க" என்றான்.

அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிக் கயிற்றைத் தாண்டினான். காலேஜ் பையன் அவன் முதுகை ஒட்டி வந்து விழுந்தான். பேச்சு, மாலை ஒன்றுக்கும் நான் காத்திருக்கவில்லை. கோப்பையைக் கொண்டுபோய் அரியமுத்துவின் கையில் வைத்தேன். பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு, சொன்ன சொல் தவறாமல், ஜெகதாம்பாள் நின்ற வாசலுக்குத் திரும்பிப் போனான். தெருமுனையில் நிற்கவில்லை. அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றான்.

"உங்கம்மா காலையில தவறிட்டாங்க. கும்புட்டுட்டுத்தான் வந்தேன். சேதி சொல்ல நான் வரலைங்க, உங்க அண்ணன் மவன் வந்துக்கிட்டு இருக்காரு. நீங்க கேட்டீங்க, அதனால சொல்றேன்."

அவள் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். தட்டிவிடும் நிலையில் அவள் இல்லை. அந்த நேரத்திலும் வைரக்கண்ணு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சேதி சொன்னவனுக்கு ஒரு படி கம்பு கொண்டாங்க!"

உடனே வந்தது. மாமியார் செத்தாலும் அந்த வழக்கம் மட்டும் சாகவில்லை. கொண்டுவந்த வேலைக்காரி பூங்காவனம் துண்டை விரிக்கச் சொன்னாள். அரியமுத்துவிடம் துண்டு எங்கே இருக்கிறது?

"கம்பு வேணாங்க. குடிக்கத் தண்ணி குடுங்க."

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். பழக்கதோஷத்தில், "கையக் குவி" என்றாள். சொம்பு உயர்ந்தது.

அரியமுத்து கையைக் குவிக்கவில்லை. கோப்பையின் இரண்டு பிடியையும் பிடித்து முன்னால் நீட்டினான்.

"இதுல ஊத்துங்க."

பூங்காவனம் வைரக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். கடைசியில் அவள் ஊற்றினாள். சொம்பு கோப்பையில் பட்டுவிடக் கூடாது என்று அப்போதும் உயரத் தூக்கித்தான் ஊற்றினாள், பாதி அவன் ஷூவின் மேல் கொட்டியது. மீதியில் கோப்பை நிறைந்தது. ஜெகதாம்பாளின் வாசலிலேயே நின்று அரியமுத்து அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.