வெள்ளை பூத்த தீவனம்

லாரி கிளம்பத் தயாராக நின்றது. எனக்குத்தான் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. உள்ளங்கையில் மாட்டுத் தீவனக் குச்சிகள் கொஞ்சம் வைத்திருந்தேன். பழுப்பாக இருக்க வேண்டியவை மேலே லேசாக வெள்ளை பூத்திருந்தன. தாவர எண்ணெய் தெளித்த தீவனம் இந்தக் குளிருக்கு வெள்ளை பூக்காது. மாட்டுக்கொழுப்பு சேர்ந்தால்தான் பூக்கும். லாரியில் ஏறிய சரக்கோ, விலங்குக் கொழுப்பு ஒரு துளியும் கூடாது என்கிற நாட்டுக்குப் போவது.

தீவனத்தில் எதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்வது இந்த ஆலையில் என் வேலை. ஆலை என் அண்ணனுடையது. என் கணவர் இங்கே பாய்லரையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறார். என் மேசைக்கு மேலே மூன்று நாட்டு விதிகளை ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் நாட்டில் உருக்கி வடிகட்டிய கொழுப்பை மாட்டுக்கும் கொடுக்கலாம். கடல் தாண்டிய நாட்டில் கோழிக்குக் கொடுக்கலாம், மாட்டுக்குக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் எதற்குமே கூடாது. இத்தனைக்கும் மாடு எங்கே போனாலும் மாடுதான், அதே அசைதான் போடுகிறது. எல்லைக்கல் தாண்டியதும் தின்ற தீனி குற்றமாகிவிடுகிறது. அந்தப் பக்கத்து வியாபாரி முன்பெல்லாம் சரக்கைச் சோதித்துத்தான் இறக்குவார். இப்போது அண்ணனின் வாய்ச்சொல் போதும் என்று விட்டுவிட்டார்.

பாய்லர் அறைக்கு ஓடினேன்.

"என்னங்க, காலையில குழாயக் கழுவினீங்களா?"

"கழுவினேனே. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், தெளிவாத்தான் வந்துச்சு."

"சூடு ஏத்திட்டுக் கழுவினீங்களா, கழுவிட்டுச் சூடு ஏத்தினீங்களா?"

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "லாரி வந்து நிக்குது, மச்சான் கத்துறாரு. அதான் முதல்ல கழுவிட்டேன்."

விஷயம் புரிந்துவிட்டது. நேற்று அதே குழாயில் உள்ளூர்த் தீவனத்துக்குக் கொழுப்பு ஓடியது. இரவுக் குளிரில் அது குழாயின் உள்சுவரில் உறைந்து ஒட்டிக்கொண்டது. கழுவ விட்ட எண்ணெய் அதன்மேல் வழுக்கிக்கொண்டு தெளிவாக வெளியே வந்தது. பிறகு நீராவி விட்டுக் குழாயைச் சூடேற்றியதும் ஒட்டியிருந்ததெல்லாம் உருகி, நேராகத் தீவனத்தில் இறங்கிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு நான்தான் வேலை போட்டுக் கொடுத்தேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறவன் என் அண்ணன். இதைச் சொன்னால் கணவரின் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணனின் வாக்கு போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது நான்தான்.

"நானே போய்ச் சொல்லிடறேன்" என்றார் அவர். அவர் கையைத் துடைப்பதற்குள் நான் முற்றத்தில் இருந்தேன்.

அண்ணன் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினேன். ஒரு குச்சியை எடுத்து நகத்தால் சுரண்டினான். முகம் ஒரு கணம் செத்துப்போய் மறுபடி உயிர் பெற்றது.

"லேசாப் பூத்திருக்கு, அவ்வளவுதானே? இங்க எல்லா மாடும் இதத்தானே தின்னுது? செத்தா போச்சு?"

"அவங்க நாட்டுல கூடாதுண்ணே. நீ வாக்குக் கொடுத்திருக்க."

"யாரு பிரிச்சுப் பாக்கப் போறா? உனக்கு எல்லாத்துக்கும் வெடிக்கணும், பட்டாசு. போய் உக்காரு."

உட்கார முடிந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பின்னாலேயே வந்த என் கணவர், "தப்பு என்னோடது மச்சான். லாரிய நிறுத்துங்க" என்றார்.

"உங்க கதைய அப்புறம் பேசிக்கலாம், மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு டிரைவருக்குக் கை காட்டினான். வண்டி உறுமியது.

அப்போதுதான் அண்ணி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அவர்கள் வீட்டில் ஒரு கறவை மாடு உண்டு. எல்லை தாண்டும் சரக்கு ஓடும் நாளெல்லாம் அதிலிருந்து ஒரு மூட்டை அந்த மாட்டுக்குப் போய்விடும். வழக்கம்போல லாரிக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த மூட்டை ஒன்றை ஆளை விட்டு ஸ்கூட்டரில் ஏற்றினாள்.

"ஏய், அத எடுக்காத!" அண்ணன் ஓடினான். "போன தடவ மூட்டை ஒண்ணு உள்ள இருக்கு, அத எடுத்துட்டுப் போ."

"ஏங்க, இதுல என்ன?"

டிரைவர் தானாகவே இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"சொல்லுண்ணே" என்றேன். "இதுல என்ன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரிலிருந்த மூட்டையைத் தானே இறக்கி வைத்தான். பிறகு லாரிப் பக்கம் போய் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"இறக்குங்கப்பா எல்லாத்தையும்" என்றான். குனிந்தபடியே, "நான் கத்தாம இருந்திருந்தா நீங்க ஒழுங்காத்தான் கழுவியிருப்பீங்க, மாப்பிள்ளை" என்றான். என் கணவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி மூட்டைகள் இறங்கியதும் அண்ணனுக்குப் பழைய குரல் திரும்பியது. "உள்ளூர்ச் சாக்குல மாத்திப் போட்டு நாளைக்கு இங்கயே வித்துடலாம். இங்கதான் தப்பில்லையே."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நான் ஒட்டி வைத்த விதியே அதைத்தான் சொல்கிறது.

பழைய மூட்டையைக் காலடியில் வைத்து ஸ்கூட்டரைக் கிளப்பப் போன அண்ணி, ஏதோ சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"அப்ப நம்ம வீட்டு மாடு மட்டும் எந்த நாட்டுல இருக்கு?"

அண்ணன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். நான் அறைக்குத் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த முதல் தாளின், எங்கள் நாட்டு விதியின், எதிரே நின்றேன். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை.