தேவேந்திரன் வகுப்புக்குப் போகாத நாட்கள்

தேவேந்திரனுக்கு ஐம்பது வயது முடிந்த அன்று, சென்னையில் வேலை பார்க்கும் மகள் கீர்த்தி கூரியரில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி அனுப்பினாள். வள்ளி அதை மிக்ஸி என்றே முடிவு கட்டிவிட்டாள். வீட்டு மிக்ஸியில் கொஞ்ச நாளாகக் கருகல் வாடை அடிப்பதை மகளிடம் அவள்தான் சொல்லியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. அதைத் திறந்தால் சிவப்பு வெல்வெட்டில் பளபளவென்று ஒரு வயலின் படுத்திருந்தது.

"யாருக்குடி இது?" என்று போனில் கேட்டாள்.

"அப்பாவுக்குத்தான்மா. கோயில் கச்சேரில எல்லாரும் பாடறவங்கள பாப்பாங்க, அப்பா மட்டும் வயலின்காரரையே பாத்துக்கினு இருப்பாரு. நீ கவனிச்சதே இல்லியா?"

வள்ளி கவனித்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு திருவிழாவிலும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதை மகள் கண்டுபிடித்து, தான் கவனிக்காமல் விட்டது அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். தேவேந்திரன் கைகளை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி வயலினைத் தூக்கிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் தனக்கென்று இதுவரை ஒரு பொருளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"போய்க் கத்துக்குங்க" என்றாள். "யாரு வேணாங்கறா?"

மேட்டுத் தெருவில் ஒரு மாடி வீட்டில் சங்கீதா என்ற பெண் வயலின் சொல்லிக்கொடுத்தாள். இசைக்கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள், கீர்த்தியை விட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். சாயந்திரம் வீட்டுப் பட்டுத் தறியை விட்டு எழுந்ததும் தேவேந்திரன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்புவார். பிள்ளையார்பாளையத்தில் அவர் தெருவே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் அவர் பயிற்சி செய்ததுதான் பெரிய சோதனை. வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தால் வள்ளிக்குப் பல் கூசியது. எதிர்வீட்டு லோகாம்பாள் வாசலில் வந்து நின்று, "வள்ளி, உங்க கதவுக்குக் கொஞ்சம் எண்ண வுடக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அது கதவு இல்ல, எங்க வூட்டுக்காரரு. கத்துக்கினு இருக்காரு. உன் பையன் பைக்கு கத்தறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள் வள்ளி வெடுக்கென்று.

உள்ளே வந்ததும் அவளே, "ஏங்க, அத என்னாத்துக்கு இப்டி அழ வுடறீங்க?" என்று கிண்டல் செய்தாள். தேவேந்திரன் சிரிப்பார். திரும்பவும் வில்லை எடுப்பார். கிண்டல் செய்வதற்குத் தனக்கு உரிமை உண்டு, ஊராருக்கு இல்லை என்பது வள்ளியின் கணக்கு.

ஆடி முடிகிற சமயம் வீட்டில் சத்தம் குறைந்தது. கல்யாணச் சேலைகளுக்கு ஆர்டர் குவிந்திருந்ததால், அசதியில் பயிற்சியை விட்டுவிட்டார் என்று வள்ளி நினைத்தாள். ஆனால் வகுப்புக்கு மட்டும் தவறாமல் பெட்டியும் தோளுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ராஜாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கும்போது, "ஆன்ட்டி" என்று யாரோ கூப்பிட்டார்கள். சங்கீதா.

"அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா ஆன்ட்டி? போன் பண்ணாலும் எடுக்கறதில்ல. கிளாஸுக்கு வந்து ரொம்ப நாளாச்சு."

வள்ளியின் கையில் கத்திரிக்காய் அப்படியே நின்றது. நேற்றுக்கூடச் சட்டை மாற்றிக்கொண்டு போனாரே. ஆனாலும் சட்டென்று, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. முகூர்த்த சீசன் இல்லியா, நெஞ்சி முடிச்சி சேலைய தறியிலேர்ந்து அறுக்கணும்னு ஒக்காந்துக்கினு இருக்காரு" என்று சொல்லிவிட்டாள்.

சங்கீதா போகாமல் நின்றாள். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேனோன்னு இருக்கு ஆன்ட்டி. கடைசியா வந்த அன்னிக்கி அங்கிளுக்கு விரல் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு. சுகாசினின்னு ஒரு வாண்டு, மூணாங்கிளாஸ் படிக்குது. மாமாவுக்குக் காட்டுன்னு அவகிட்ட சொன்னேன். அவளும் ஆசையா பக்கத்துல ஒக்காந்து, அவரு விரலப் புடிச்சிப் புடிச்சி வெச்சா. அங்கிள் சிரிச்சாரு, 'தேங்க்ஸ் கண்ணு'ன்னாரு. மறுநாள்லேர்ந்து வரல."

வள்ளி வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஜரிகையில் ஒரு இழை பிசகினாலும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லிவிடுகிற விரல்கள் அவை. எந்த முதலாளியும் அவர் நெய்த சேலையில் குறை சொன்னதில்லை. அந்தக் கையை ஒரு குழந்தை பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது. அவர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று வள்ளிக்குத் தெரியும்.

அன்று இருட்டுகிற நேரத்துக்குத் தேவேந்திரன் திரும்பி வந்தார்.

"இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் வள்ளி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

"அது... ஜண்டை வரிசை" என்றார். அவர் காது மடல்கள் சிவந்தன. பொய் சொல்ல வராத மனிதர். வள்ளிக்குக் கோபம் வரவில்லை. தட்டில் இன்னொரு தோசை போட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் தறிக்குழியில் இறங்கியதும், "அக்கா வூடு வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நேராக மேட்டுத் தெருவுக்குப் போனாள். சங்கீதா அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"அதுல அப்டி இன்னாதான் கஷ்டம்னு பாக்கணும்மா. ஒரே ஒரு தபா என் கையில குடு" என்றாள் வள்ளி.

சங்கீதா சிரித்துக்கொண்டே பாய் விரித்தாள். உட்காரச் சொல்லி, வயலினை நெஞ்சோடு சாய்த்து, அதன் தலைப்பக்கத்தை வலது கணுக்காலில் முட்டுக் கொடுத்து வைத்தாள். வள்ளி வில்லை வைத்து இழுத்தாள். கதவு அழுதது. அவளே திடுக்கிட்டுப் போனாள்.

"ஐயையோ, இத்தப் போயா அவர இவ்ளோ பேசினேன்!"

இழுத்தால் வில் வழுக்கியது. வில்லைப் பார்த்தால் விரல் நழுவியது. விரலைப் பார்த்தால் வில் கோணியது. அரை மணி நேரத்தில் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. அதைவிட, கால் மரத்துப்போய் எழுந்திருக்கவே முடியவில்லை. நாளெல்லாம் குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே பழகியவர் இப்படிச் சம்மணம் போட்டு எப்படித்தான் தாங்கினாரோ என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கிளம்புவதற்கு முன்னால், எப்படியோ ஒரே ஒரு தடவை, 'ச' என்ற ஸ்வரம் சுத்தமாக நீண்டு வந்தது. மரக்கட்டையின் அதிர்வு அவள் நெஞ்செலும்பில் கூசியது.

"நாளைக்கும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானம் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். சாயந்திரம் அவர் வகுப்புக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வேறெங்கோ போனார். இரண்டு பேரும் ராத்திரி ஒரே தட்டில் கடலை உரித்துத் தின்றுகொண்டு, ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் டிவி பார்த்தார்கள்.

வள்ளிக்குக் காது நன்றாக இருந்தது. விரல் சரியான இடத்தில் விழாவிட்டால் அவளுக்கே தெரிந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு தானே நகர்த்திக்கொள்வாள். வில் மட்டும் கையில் நிற்க மாட்டேன் என்றது.

ஒரு நாள் அவள் ராட்டையில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, தன்னை அறியாமல் வாய் முணுமுணுத்தது. உள்ளே தறிச் சத்தம் நின்றது. தேவேந்திரன் குழியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது மூணாவது சரளி வரிசை ஆச்சே. உனக்கு எப்டித் தெரியும்?"

"நீங்க வாசிச்சதுதான். காதுல வுழுந்துது."

"மூணாவதை நான் வூட்ல வாசிச்சதே இல்லியே" என்றார் அவர், தனக்குள் பேசிக்கொள்வது போல.

வள்ளி நூல் அறுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே பிடிபட்டாள். 'அக்கா வீட்டிலிருந்து' வந்து அவசரமாகக் காபி போட்டுக்கொண்டுபோய் நீட்டினாள். டம்ளரை வாங்கிய தேவேந்திரன் அவள் மடியையே பார்த்தார். கத்திரிப்பூ நிறச் சேலையின் கொசுவத்தில் வெள்ளையாக ஏதோ பொடி படிந்திருந்தது.

"மாவு" என்றாள் வள்ளி. "அக்கா வூட்ல முறுக்கு சுட்டாங்க."

அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். பிசின் வாசனை. வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் பொடி.

"முறுக்கு எங்க?" என்றார் மெதுவாக.

வள்ளி கொசுவத்தைத் தட்டிவிட்டாள். பிறகு, "நீங்க சாயந்திரம் எங்க போறீங்க?" என்று கேட்டாள்.

தேவேந்திரன் காபியைக் கீழே வைத்தார். தறியில் விரிந்திருந்த பாவு நூலை விரலால் நீவிவிட்டு, "ஓரிக்கைக்கு" என்றார். "பாலாத்துப் பக்கம் மணல்ல ஒக்காந்துக்கினு இருப்பேன். கீர்த்தி ஆசையா வாங்கி அனுப்பிச்சா. எனக்கு வரலன்னு எப்டிச் சொல்றது?"

"அங்கயாவது வாசிப்பீங்களா?"

"ஒரு நாளு எடுத்தேன். ஆடு மேய்ச்சிக்கினு இருந்தாரு ஒருத்தரு, முள்ளுல குட்டி எதுனா மாட்டிக்கிச்சான்னு ஓடியாந்தாரு."

வள்ளி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவரும் ஒரு நொடி உர்ரென்று பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"அப்ப நீ?" என்றார் சிரிப்பு ஓய்ந்ததும். "நீ எதுக்குப் போன?"

"நீங்க எதுல தோத்தீங்கன்னு பாக்கப் போனேன். போனா, எனக்குப் புடிச்சிப் போச்சி. இன்னா செய்யச் சொல்றீங்க?"

"எங்க, ஒரு தபா வாசி பாக்கலாம்."

பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு வள்ளி தரையில் உட்கார்ந்தாள். விரல்கள் நேராகப் போய் இடத்தில் உட்கார்ந்தன. வில்தான் குதித்தது. தேவேந்திரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அய்ய, அமுக்காத. பட்டு இழைய இப்டியா இழுப்ப? குடு இங்க."

அவள் எதிரில் மண்டியிட்டு வில்லை வாங்கினார். அவள் விரல் வைத்தாள், அவர் இழுத்தார். ச, ரி, க, ம. நான்கும் பிசிறில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த அறையில் நின்றன. இருவரும் அசையாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வில்லு நல்லா புடிக்கறேன்னு சங்கீதா ஒரு நாளு சொல்லிச்சி" என்றார் அவர், வெட்கத்தோடு.

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கிண்டல் பண்ணுவ."

வள்ளிக்கு அது உள்ளே போய்த் தைத்தது. வயலினை மடியில் சாய்த்து வைத்தாள். பிறகு, "பண்ணுவேன்தான். அதுக்காக சொல்லாம இருப்பீங்களா?" என்று அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். "நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். அந்தப் பொண்ணு சுகாசினி வந்து உங்க விரலப் புடிச்சிதுன்னா புடிக்கட்டும். எனக்கு வில்ல நீங்க சொல்லிக் குடுக்கல? அந்த மாதிரிதான்."

மறுநாள் அவர் படியேறும்போது தயங்கினார். வள்ளி பின்னாலிருந்து பெட்டியால் ஒரு நெம்பு நெம்பினாள். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "மாமா ஏன் இவ்ளோ நாள் லீவு?" என்று சுகாசினி கேட்டது. "கால் மரத்துப் போவுது கண்ணு" என்றார் தேவேந்திரன். அதற்கு என்ன செய்வது என்று குழந்தை யோசித்துவிட்டு, தன் ஸ்கூல் பையைக் கொண்டுவந்து அவர் முழங்காலுக்கடியில் அண்டக் கொடுத்தது. சங்கீதா தன்னுடைய பழைய வயலின் ஒன்றை வள்ளிக்குக் கொடுத்தாள்.

விஜயதசமி அன்று சங்கீதா மொட்டை மாடியில் சாமியானா போட்டு, மாணவர்கள் எல்லோரையும் வாசிக்கவைத்தாள். கீர்த்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். பின்வரிசையில் வயதால் பெரியவர்கள் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். வரிசைகளெல்லாம் முடிந்து, முதல் கீதம் ஆரம்பமாயிற்று. பாதியில் தேவேந்திரனுக்கு வழி தவறியது. விரல் எங்கோ போக, வில்லைத் தூக்கிவிட்டார். பக்கத்தில் வள்ளியும் நிறுத்தினாள். முன்னால் குழந்தைகள் தங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்கள். வள்ளி வாய்க்குள் ஸ்வரத்தைச் சொல்லிக்கொண்டு, அவருக்குத் தெரியும்படி தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். கடைசி அடியில் அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். குழந்தைகள் முடித்த பிறகும் இவர்கள் வயலின் ஓசை மட்டும் ஒரு நொடி நீண்டு, அப்புறம் ஓய்ந்தது. கீர்த்தி எழுந்து நின்று கைதட்டினாள்.

சுண்டல் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது தேவேந்திரன் கேட்டார்: "உனக்குதான் நல்லா வந்துக்கினு இருந்துதே. ஏன் நிறுத்தின?"

"நீங்க நிறுத்தினீங்க."

"நான் தெரியாம நிறுத்தினேன்."

"நான் தெரிஞ்சிதான் நிறுத்தினேன்" என்றாள் வள்ளி. "சுண்டல்ல உப்பு கம்மி. வண்டிய எடுங்க."