கண்டக்டர் சொன்ன பெயர்

வார்டில் அந்த நர்ஸுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். ஊசியோடு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வார்டு பொறுப்பாளர் பதவி காலியாக இருந்தது. மேட்ரன் வந்து அவள் வேலையைப் பார்த்துத் தலையாட்டினால் அது அவளுக்குத்தான்.

ஊசி போடுமுன் நோயாளியிடம் பெயர் கேட்க வேண்டும், கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சிறந்த நடைமுறை என்று சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். மின்னலும் கேட்பாள். கேட்டபடியே குத்திவிடுவாள். பதில் காதில் ஏறுமுன் அடுத்த கட்டிலருகே நிற்பாள்.

இதைக் கண்டுபிடித்தவர் கதவோரக் கட்டிலில் கிடந்த பழைய பஸ் கண்டக்டர். காலில் ஆறாத புண், உடம்பெல்லாம் சர்க்கரை, வாயெல்லாம் கொழுப்பு. மேட்ரன் வரவிருந்த காலையில் அவளைக் கூப்பிட்டார்.

"நேத்து என் பேரைக் கேட்டியே, என்ன சொன்னேன்?"

அவள் அடுத்த கட்டில் பக்கம் நகரப் பார்த்தாள்.

"என் மச்சான் பேரைச் சொன்னேன். முந்தாநாள் என் பொண்டாட்டி பேரு. ரெண்டு நாளும் சரிங்கய்யான்னு குத்திட்டுப் போயிட்ட."

ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினால் மேட்ரனிடம் வாயைத் திறக்க மாட்டாராம். ஆனால் ஜன்னலோரத்தில் கிடந்தவர் மூச்சுக்குத் திணறுகிற மனிதர். அவரைக் கிளப்ப மனம் வரவில்லை.

மத்தியானம் மேட்ரன் பின்னால் நிற்க, மின்னல் இன்சுலினோடு வந்தாள். கண்டக்டரின் மனைவியும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள்.

"உங்க பேரு சொல்லுங்கய்யா."

கண்டக்டர் கண் இமைக்காமல் மச்சான் பெயரைச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக மின்னல் நின்றாள். முகத்தைப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். ஊசியைக் கீழே வைத்தாள்.

"அப்ப இது வேற ஆளோட ஊசி. சாப்பாடும் அவரோடதுதான். அம்மா, இவரு உங்க வீட்டுக்காரர் இல்லையாம்."

மனைவி தட்டை மூடினாள். "அப்பாடா, இப்பவாவது விடிஞ்சுதே" என்று கதவைப் பார்த்து நடந்தாள்.

கண்டக்டர் வாயிலிருந்து சொந்தப் பெயர் குதித்தது. யாரும் கேட்காமலே அப்பா பெயரும் பிறந்த தேதியும் பின்னால் வந்தன. மேட்ரன் சிரிப்பை அடக்கித் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

நேற்றைய கதையை ஏன் சொல்லவில்லை என்று மின்னல் மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லத்தான் இருந்தேன். இன்னிக்குக் காது குடுத்துக் கேட்டுட்டியே, என்ன பண்றது?"

பதவி கிடைத்தது. இப்போது ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, பதிலைக் கேட்டுத்தான் ஊசி போடுகிறாள். மின்னல் பட்டம் போய் ஆமை என்று ஆகிவிட்டது. ஊசி முடியத் தாமதமாகிறது, சாப்பாடு ஆறிப்போகிறது என்று மேட்ரனிடம் முதல் புகார் எழுதிக் கொடுத்தவர் கண்டக்டர்தான். அதில் மட்டும் சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்.