சந்தியோகுவின் படம் இருக்குமிடம்

குருநகரில் தன் கோயில் பங்குக்கென ஓர் இணையச் செயலியை ஜெரிசன் தனியாளாகச் செய்து வைத்திருந்தான். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் படங்களை அதில் ஏற்றுவார்கள். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துச் செபிப்பார்கள். கோயில் வாசலில் அவனைக் கண்டவர்கள் "எங்கடை ஜெரிசன்" என்பார்கள். அந்தச் சொல் அவனுக்குத் தேனாக இனித்தது.

இந்த வருடம் படங்கள் கூடிப்போய்ச் செயலி ஆமையாய் ஊர்ந்தது. கொழும்பில் கணினி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த யசிந்தாவையும் உதவிக்குக் கூப்பிட்டார் பங்குத்தந்தை. அன்றைக்கே ஜெரிசனுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

படங்களை எங்கே வைப்பதென்று முடிவெடுக்க, ஞாயிறு பூசை முடிந்து மூவரும் பங்கு அலுவலகத்தில் கூடினார்கள்.

"அண்ணை, செயலி ஓடுற சேவர் கணினியிலையே படங்களையும் வைச்சால் அது பாரம் தாங்காது," என்றாள் யசிந்தா. "படங்களைத் தனியா ஒரு களஞ்சியத்திலை போடுவம். ஒவ்வொண்டுக்கும் ஒரு இலக்கம். செயலியிலை அந்த இலக்கம் மட்டும் இருந்தால் காணும்."

அவள் சொல்வது சரியென்று அவனுக்குத் தெரியும். போன வருடமே தெரியும். அதுதான் இன்னும் சுட்டது.

"எங்கடை செத்த ஆக்களை எங்கையோ ஒரு பரதேசத்திலை கொண்டுபோய் வைக்கிறதோ? உது கொழும்புப் புத்தி."

"உங்கடை சேவர் மட்டும் என்ன, பக்கத்துப் பாசையூரிலையோ இருக்கு?"

பங்குத்தந்தை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஜெரிசனை மீன்முள்ளாகக் குத்தியது.

அந்நேரம் மரியநாயகி போனும் கையுமாக உள்ளே வந்தாள். கணவன் சந்தியோகுவைக் கடலுக்குக் கொடுத்தவள்.

"எட தம்பி, என்ரை மனுசனை என்ன செய்தனீ? பேர் சரி. ஆள் ஆரோ மீசைக்காரன்! அந்தாள் ஒருநாளும் மீசை வைக்கேல்லை." பிறகு குரல் இறங்கியது. "வேறை படம் என்னட்டை இல்லையடா."

ஜெரிசனுக்கு உடனே விளங்கிவிட்டது. படங்களை அவரவர் பெயரிலேயே சேமித்து வைத்திருந்தான். புனித சந்தியோகுமையார் பெயரை வீட்டுக்கு ஒருவருக்கு வைக்கிற ஊரில் யாராவது அப்படிச் செய்வார்களா? நேற்று வேறொரு சந்தியோகுவின் படம் ஏற, பழையது அழிந்துவிட்டது. பிரதியும் இல்லை.

யசிந்தா போனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. ஒரு சொல் போதும், அவன் கதை முடிந்தது. அந்தச் சொல்லுக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தான்.

"படம் இருக்கு அன்ரி. களஞ்சியத்தைச் சோதிச்சுப் பாக்கவெண்டு போன கிழமை செயலியிலை தெரியிற படம் எல்லாத்தையும் பிரதி எடுத்து வைச்சனான்." தன் கணினியை அவன் பக்கம் தள்ளினாள். "நீங்கள் எடுத்துக் குடுங்கோ அண்ணை. அன்ரி உங்களட்டைத்தானே கேட்டவ."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த நல்ல மனமும் இவளுக்குத்தான் வாய்க்கவேண்டுமா என்று அப்போதும் பொறாமைதான் வந்தது. ஆனாலும் தேடி எடுத்தான். மீசையில்லாத அந்த முகத்தை மரியநாயகி விரலால் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உது எப்பிடி நடந்தது?" என்று கேட்டார் பங்குத்தந்தை.

யசிந்தா வாய் திறக்கவில்லை. அவள் விட்டுக்கொடுத்த அந்த மௌனம் அவனைப் பேச வைத்தது.

"பிழை என்ரை, பாதர். பேரைக் கொண்டு படம் வைச்சிட்டன். யசிந்தா சொன்ன மாதிரிக் களஞ்சியத்திலையே வைப்பம்."

பொறாமையை ஆண்டவர் ஒரே நாளில் பிடுங்கி எறிவதில்லை. என்றாலும் அன்றுவரை யாருக்கும் கொடாத சேவர்க் கடவுச்சொல்லை ஜெரிசன் ஒரு கடதாசித் துண்டில் எழுதினான். அதை இரண்டாய் மடித்து யசிந்தாவிடம் நீட்டினான்.

"வேறை ஆருக்கும் சொல்லாதை."

"ஓம் அண்ணை," என்றாள் அவள்.