கடைசி எண்

எங்கள் ஊர்க் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் படகுப் போட்டியில், பாலத்தூணுக்கு முந்தைய வளைவில் ஒவ்வொரு படகிலும் ஓர் ஆள் கூடிவிடுவான். நாலு பேர் துடுப்புப் போட்டுப் புறப்பட்ட படகில் ஐந்து பேர் இருப்பார்கள். இருக்கையும் ஐந்தாகியிருக்கும், துடுப்பும் ஐந்தாகியிருக்கும். நதி அந்த விஷயத்தில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கூடின ஆளோடு எல்லைக் கோட்டைத் தொட்டால் படகு நிற்காது. நதி பிறக்கிற மலையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். முன்பு ஒரு வருஷம் அப்படிப் போன பாலிடெக்னிக் படகிலிருந்து இன்றும் வருஷத்துக்கு ஒரு தபால் கார்டு வருகிறது. அனைவரும் நலம், தண்ணீர் தீர்ந்து நாளாகிறது, துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருப்பார்கள். அதனால் தூணருகே ஒருவனை இறக்கிவிட்டாக வேண்டும். யாரை என்று சொல்வது சுக்கான் பிடிப்பவரின் பொறுப்பு. துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். முன்னே பார்க்கிற ஒரே ஆள், பின்முனையில் சுக்கான் கயிற்றைப் பிடித்திருப்பவர்தான்.

இந்த வருஷம் எங்கள் கல்லூரிப் படகுக்கு அந்த ஆள் அமலோற்பவம். விலங்கியல், மூன்றாம் வருஷம். உடம்பு ஒரு பிடி, குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். அதற்காகத்தான் எடுத்தார்கள். அவளுக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கிற கடைசி இருக்கையில் அவள் தம்பி சவரி. அவன் போடுகிற தாளத்துக்குத்தான் மற்றவர்கள் துடுப்புப் போட வேண்டும் என்பதால், இருப்பதிலேயே கெட்டிக்காரனை அங்கே உட்கார வைப்பது வழக்கம். அவனைக் குழுவில் சேர்க்கச் சொல்லிச் சிபாரிசுக்கு நின்றவளே அவள்தான். பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

பி.டி. மாஸ்டர் ஞானதிரவியம் சொல்லிக்கொடுத்த முறை சுலபமானது. வளைவு திரும்பியதும் முன்முனையிலிருந்து எண் சொல்லச் சொல். கடைசி எண் யார் வாயில் வருகிறதோ அவனை இறக்கிவிடு. பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான், ஒரு தடவைகூட நம் படகு நிற்காமல் போனதில்லை என்றார்.

முகத்துவாரத்தில் புறப்படும்போது எண் சொன்னார்கள். நாலு என்று முடித்தவன் சவரி. வளைவு திரும்பியதும் மறுபடி சொல்லச் சொன்னாள். ஒன்று கதிரேசன். இரண்டு ஹாஜா. மூன்று லோகு. நாலு பாண்டுரங்கன். ஐந்து என்றான் சவரி.

அமலோற்பவத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நதி ஆளை நடுவில் அல்லவா செருகுகிறது! செருகினால் எண் பின்னால் இருப்பவன் தலையில் போய் விடியும். இத்தனை வருஷமாக இறக்கிவிட்டதெல்லாம் கடைசி இருக்கைப் பையன்களைத்தான். நதி கொடுத்தவர்கள் கரையேறி, பட்டம் வாங்கி, வங்கியில் வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டார்கள். ஞானதிரவியம் மாஸ்டரும் தன் காலத்தில் மூன்றாம் இருக்கைக்காரர்தான்.

மற்ற நாலு பேரில் யார் என்று மனசுக்குள் துழாவினாள். கதிரேசனின் அக்கா கல்யாணத்தில் அவள் பந்தி பரிமாறியிருக்கிறாள். ஹாஜா வீட்டு நோன்புக் கஞ்சி அவளுக்குப் பிடிக்கும். லோகு அவளைப் பார்த்து எழுதித்தான் பாஸ் பண்ணினான். பாண்டுரங்கனுக்கு இரண்டு பேப்பர் அரியர். எல்லாம் சரியாக இருந்தது. நதி ஞாபகத்தையும் சேர்த்தே கொடுத்துவிடும்.

பின்முனையிலிருந்து எண் சொல்லச் சொன்னாள். ஐந்து கதிரேசனுக்குப் போயிற்று. மரியாதை தெரிந்த பையன், மறுபேச்சில்லாமல் காலைப் பலகையோடு கட்டியிருந்த வாரை அவிழ்க்க ஆரம்பித்தான். அவனுக்கும் அம்மா இருந்தாள், அல்லது இருப்பதாக அமலோற்பவத்துக்கு ஞாபகம் இருந்தது. வேண்டாம், அந்த எண்ணிக்கை செல்லாது என்றாள். முன்னே போய்க்கொண்டிருந்த இந்த வருஷத்துப் பாலிடெக்னிக் படகிலிருந்து ஒருவன் இறங்குகிற சத்தம் கேட்டது. தூணுக்கு இன்னும் முப்பது துடுப்பு தூரம்.

"அஞ்சு எனக்குத்தாங்க்கா வந்துச்சு," என்றான் சவரி. "எனக்கு முன்னாடி தெரியல. தூண் வந்ததும் சொல்லு, பார்த்து இறங்கிக்கிறேன்."

அவள் மறுபடி முன்முனையிலிருந்து எண்ணச் சொன்னாள். சவரி ஐந்து என்று முடித்ததும், அதற்கு அடுத்த எண்ணைத் தானே உரக்கச் சொன்னாள்.

"நீ எண்ணிக்கையிலேயே கிடையாதுக்கா."

"இப்ப இருக்கேன். நீ தாளத்தை விடாத."

தூணின் படியில் கால் வைத்து இறங்கினாள். கல் பாசி பிடித்து வழுக்கியது. யாரும் சொல்லாமலே பாண்டுரங்கன் எழுந்து வந்து அவள் இடத்தில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கையில் அவளுடைய கயிற்றுத் தழும்பு இருந்தது. சவரி அழுதுகொண்டே துடுப்புப் போட்டான். பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்ததால், பாண்டுரங்கனின் தோளுக்கு மேலே அவளைப் பார்த்தபடியே போனான்.

தூணின் மறுபக்கம் ஒரு நீளப் படகு நின்றது. இத்தனை வருஷமாக இறங்கியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் வயது ஏறவில்லை. இப்போதுதான் இறங்கிய பாலிடெக்னிக் பையன் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். சுக்கான் இடம் மட்டும் காலி. பின்முனையிலிருந்து தேர்வடம் கனத்தில் ஒரு கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

"உட்காரும்மா," என்றான் அவர்களில் மூத்தவன். "கடலைக் கட்டி இழுத்துட்டு வர்றோம். பின்னாடியே பார்த்துத் துடுப்பு போடுறோமா, எது வரைக்கும் வந்திருக்கோம்னு தெரியல."

அவள் உட்கார்ந்தாள். பிடரியில் உப்புக் காற்று சில்லென்று அடித்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. எதிரே கல்லூரிப் படித்துறையும், ஷாமியானாவும், கையைத் தட்டுகிற ஜனமும், எல்லைக் கோட்டைத் தொட்டு நின்றுவிட்ட சவரியின் படகும் தெரிந்தன.

"கொஞ்சம் இடது பக்கமா ஒதுங்கி நில்லுங்க," என்றாள். "தம்பி இன்னும் கரையேறல."

அவர்கள் ஒதுங்கினார்கள். கடலும் ஒதுங்கி நின்றது.